கதிரையிலை இருக்காத மனுசன்

எனக்கு வாய் கூட. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், நானும் இல்லையெண்டு சொல்லேல்லை. இருபத்திரண்டு வருசமா ரூ பிலிப்-து-ஜிரார் எண்ட தெருவிலை மடுத்தீன் அண்ணையின்ரை அச்சுக் கடையிலை கொம்பியூட்டருக்கு முன்னாலை இருக்கிறன். கலியாணக் காட், சாமத்தியக் காட், மரண அறிவித்தல், எல்லாம் என்ரை கையாலைதான் போறது. பேர் சாரதாதேவி. இது என்ரை கதையில்லை, அரியரத்தினத்தின்ரை கதை. ஆனால் அந்தாள் தன்ரை கதையைத் தானாச் சொல்லுற ஆளில்லை. நான் செய்த வேலைக்கு நான் சொல்லத்தான் வேணும்.

அரியம் எண்டுதான் நாங்கள் கூப்பிடுறது. கார் து நோர் ரெயில் ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை ஒரு பிரெஞ்சுக்காரன்ரை றெஸ்ரோறன்ரிலை முப்பது வருசமாக் கோப்பை கழுவுறார். சவர்க்காரத் தண்ணி தின்ற கை, நகத்தைச் சுத்தி எப்பவும் வெடிச்சுப்போய்த்தான் இருக்கும். பத்ரோன், முதலாளி, மூண்டு தரம் மாறினான், இந்தாள் மாறேல்லை. ஒரு சண்டை, ஒரு குடி, ஒரு வம்பு கிடையாது. மனுசி மன்னார்ப் பக்கம், ஆறு வருசத்துக்கு முந்திக் கான்சரிலை செத்துப்போனா. பேந்து அவரும் மகள் யசோதினியும்தான், திரான்சியிலை ஒரு சின்ன வீட்டிலை.

முதல் எங்கட கடைக்கு வந்தது யசோ பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்குக் காட் அடிக்க, பதினாறு வருசத்துக்கு முந்தி. ஆர் வந்தாலும் நான் முதல் கேக்கிறது ஒண்டுதான், நீங்கள் ஊரிலை எவடம்? இதைக் கேளாட்டி எங்கட சனத்துக்குச் சோறு செமிக்காது. எவடம் எண்டு கேட்டு, அங்கை எந்தப் பக்கம் எண்டு கேட்டு, கோயிலுக்கு வடக்கையோ தெற்கையோ எண்டு கேட்டு, மூண்டாவது கேள்வியிலை ஆள் என்ன ஆக்கள் எண்டு பிடிச்சுப்போடுவம். சாதி எண்ட சொல்லே வாயிலை வராது. அவ்வளவு நாகரிகமான சனம் நாங்கள்.

கேக்க முந்தி என்ரை இடத்தைச் சொல்லிப்போடுவன். என்ரை ஊர் நாவலோடை, நான் பெரியவளவு வீடு எண்டு. சொல்லேக்கை நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அந்தாள் என்ரை முகத்தை ஒருக்காப் பாத்திட்டு, தான் சாவகச்சேரி எண்டார். ரவுணோ எண்டு கேட்டன். ஓம், ரவுண்தான் எண்டார். ரவுண் எண்டால் எல்லாச் சனமும் கலந்திருக்கிற இடம், மேலை கிண்ட வழியில்லை. நானும் விட்டிட்டன்.

அண்டையிலிருந்து என்னை அக்கா எண்டுதான் கூப்பிட்டவர். அவருக்கு என்னை விட ரெண்டு வயசு கூட. நான் பகிடி பண்ணுவன், என்னைக் கிழவியாக்கிப் போடாதேங்கோ, தங்கச்சி எண்டு கூப்பிட்டால் குறைஞ்சு போவியளோ எண்டு. சிரிப்பார், ஆனால் அடுத்த முறையும் அக்காதான்.

இன்னொரு பழக்கம். கடையிலை ரெண்டு நல்ல கதிரை போட்டிருக்கிறம். அந்தாள் ஒரு நாளும் இருந்ததில்லை. வேலை முடிஞ்சு பத்து மணித்தியாலம் நிண்ட காலோடை வந்தும் கதவடியிலை நிண்டுதான் கதைப்பார். கதிரை கடிக்காது அரியம் எண்டு எத்தனை தரம் சொல்லியிருப்பன். பரவாயில்லை அக்கா, இருந்தால் எழும்ப மனம் வராது எண்டுவார். தேத்தண்ணி குடுத்தால் நிண்டபடி குடிச்சிட்டு, அந்தக் கடுதாசிக் கப்பை மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு போவார். குப்பைவாளி இஞ்சை இருக்கு எண்டு காட்டுவன். போற வழியிலை போடுறன் எண்டுவார். கோப்பை கழுவிக் கழுவி ஆளுக்கு உப்பிடி ஒரு சுத்தம் பிடிச்சிட்டுது எண்டு மடுத்தீன் அண்ணை சொல்லுவார். நானும் அப்பிடித்தான் நினைச்சன்.

கடைச் சுவரிலை ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்குது. தொங்கினது. எங்கட வீட்டுப் பழைய காணி உறுதிப் பத்திரம், ஆயிரத்து எண்ணூற்றி இருபத்தொன்பதாம் ஆண்டு எழுதினது. ஐயா சாகமுந்தித் தந்தவர். நான் அதை ஸ்கான் பண்ணி நல்ல தாளிலை அடிச்சு மாட்டினன். வாறவை போறவைக்கு வாசிச்சும் காட்டுவன். மகளுக்குச் சீதனமாக் காணி இத்தனை பரப்பு, கிணறு ஒண்டு, பனை நாப்பது, மா ரெண்டு, வள்ளியும் அவள் வயிற்றுப் பிள்ளையளும். கடைசி வரியிலை எல்லாரும் ஆவெண்டு பாப்பினம். மடுத்தீன் அண்ணை பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, வெள்ளைக்காரன் அடிமையை ஒழிச்சது நாப்பத்திநாலிலை, இது அதுக்கும் பதினைஞ்சு வருசம் முந்தினது எண்டு விளக்கம் குடுப்பார். அரியம் கனதரம் அதுக்கு முன்னாலை நிண்டிருக்கிறார். ஒருநாள் அந்தக் கடைசி வரியைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டவர். பழைய எழுத்தெண்டால் மனுசனுக்கு விருப்பம் போலை எண்டு நினைச்சு, நானும் ராகம் போட்டு வாசிச்சன்.

யசோ நல்லாப் படிச்சு இன்ஃபிர்மியேர், அதுதான் நேர்ஸ், ஆனாள். ஆஸ்பத்திரி வேலை, சொந்தச் சம்பளம், சிரிச்ச முகம். தேப்பனோடை கதைக்கிறது அரைவாசி பிரெஞ்சு. அவளை ஒருதரமும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அவர் மட்டும் மூண்டு தரம் போய்த் தாயைப் பாத்திட்டு வந்தவர். ஏன் பிள்ளையைக் காட்டேல்லை எண்டு நான் ஏசினன். அதுக்கு அந்தாள் சொன்னது இப்பவும் காதுக்கை நிக்குது.

“அவளுக்கு ஊர் எண்டு ஒண்டும் தெரியத் தேவையில்லை அக்கா. இஞ்சை பிறந்தவள். இஞ்சத்தை ஆளாவே இருக்கட்டும். எனக்கு வேற ஒரு ஆசையும் இல்லை.”

நான் அவர் சிறிலங்கன் எயார்லைன்ஸ் ரிக்கற்றுக்குக் கஞ்சத்தனம் பண்ணுறார் எண்டு நினைச்சன்.

போன வருசம் யசோவுக்குக் கலியாணம் சரிவந்தது. பொடியன் லவன். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலை பழகித் தாங்களே முடிவெடுத்தவை. லவன்ரை தேப்பன் தவரத்தினம், லா சப்பல்லை மரக்கறிக் கடை வைச்சிருக்கிறார், வீடு எபினேயிலை. அவர் முதல் கொஞ்சம் இழுத்தார், விசாரிச்சார், சாவகச்சேரி ரவுண் எண்டதும் சரியெண்டிட்டார். எபினேயிலை மண்டபம் எடுத்தாச்சு. காட் அடிச்சதும் நான்தான், ஐந்நூறு காட், சிவப்பிலை பொன் எழுத்து. அதுகள் பெட்டியோடை கடையிலை இருக்கேக்கைதான் அரியத்தின்ரை தாய் ஊரிலை மோசம் போனா.

சனிக்கிழமை பின்னேரம் அரியம் வந்தார். அழேல்லை. அடுத்த நாள் அங்கை எடுக்கினம், பிளேன் பிடிச்சாலும் முகம் பாக்க ஏலாது எண்டார். அறிவித்தல் போட அவருக்கு விருப்பமில்லை எண்டு முகத்திலை தெரிஞ்சுது. தவரத்தினம்தான் விடேல்லை. சம்மந்தி, அறிவித்தல் போடாட்டிச் சனம் என்ன கதைக்கும், எங்கட பேரையும் சேத்துப் போடுங்கோ எண்டு நிண்டிருக்கிறார். அரியம் ஒரு துண்டிலை எழுதிக்கொண்டு வந்தவர். சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி பொன்னம்மா. நான் அடிச்சுக் காட்டினன். சாவகச்சேரி எண்டு மட்டும் போதும் அக்கா, வேற ஒண்டும் வேண்டாம் எண்டு ரெண்டு தரம் சொல்லிப்போட்டுப் போனார்.

ஞாயிறு காலமை ஊரிலையிருந்து அவற்றை மச்சான் ஒருத்தர் மரணப் பத்திரத்தைக் கடை வைபருக்கு அனுப்பினார். பத்திரம் இல்லாமல் இணையத்திலை அறிவித்தல் போடவிடமாட்டினம். திறந்து பாத்தன். பெயர் பொன்னி. இடம் நாவலோடை கிழக்கு, காரைப்பற்றை.

எங்கட ஊர்! எனக்கு முதல் வந்தது சந்தோசம்தான், சத்தியமாச் சொல்லுறன். நான் ஒன்பது வயசிலை ஐயாவின்ரை வேலையோடை கொழும்புக்குப் போனனான், எண்பத்திநாலிலை இஞ்சை வந்திட்டன். ஊர்ச் சனம் ஒருத்தரைக் கண்டால் எனக்குக் கை கால் நிலத்திலை நில்லாது. பதினாறு வருசமாப் பக்கத்திலை நிண்ட மனுசன் என்ரை ஊரெண்டு தெரியாமல் இருந்திட்டனே எண்டு இருந்துது. துக்கத்திலை மாறி எழுதிப்போட்டார், அல்லது பக்கத்து ரவுணின்ரை பேரைப் போட்டார் எண்டு எனக்கு நானே சொன்னன். முந்தி ஒருக்கா இடம் பிழையாப் போட்டு ஒரு குடும்பம் கடைக்கு முன்னாலை வந்து கத்தினதாலை, பத்திரத்திலை உள்ளபடிதான் போடவேணும் எண்டு எங்களுக்கு ஒரு சட்டம். அரியத்துக்கு மூண்டு தரம் அடிச்சன். வேலை நேரம், எடுக்கேல்லை. பன்ரெண்டு மணிக்கு முந்தி ஏத்தவேணும்.

இதுக்குள்ளை ஒரு இடம் இருக்கு, அதை ஒளிச்சுப்போட்டு நான் இந்தக் கதையைச் சொல்ல ஏலாது. காரைப்பற்றை எண்டு அடிக்கேக்கை கை ஒருக்கா நிண்டுது. அந்தப் பக்கம் போகாதை எண்டு சின்னனிலை அம்மா சொல்லுறது. பின் படலையாலை நெல்லுக் குத்த வாற பொன்னி. அவளுக்குத் தேத்தண்ணி சிரட்டையிலை. நான்தான் ஊத்துறது. உயர்த்தி ஊத்து பிள்ளை, முட்டாமல் ஊத்து எண்டு அம்மா உள்ளையிருந்து சொல்லுவா. ஒன்பது வயசுப் பெட்டை நான், அந்த மனுசி ரெண்டு கையாலையும் சிரட்டையை ஏந்திக்கொண்டு, காணும் நாச்சியார் எண்டுவா. குடிச்சுப்போட்டுச் சிரட்டையைத் தன்னோடை கொண்டுபோவா. அவவின்ரை சீலைக்குப் பின்னாலை ஒரு பொடியன் நிக்கும்.

தெரிஞ்சுது. அந்த நேரம் நிப்பாட்டியிருக்கலாம். என்ரை வாய் மாதிரித்தான் என்ரை கையும், நிக்காது. பத்திரம் பத்திரம்தானே எண்டு பேரையும் இடத்தையும் மாத்தி ஏத்தினன். ஏத்தினது காணாதெண்டு அந்த லிங்கை ஊர் வைபர் குறூப்பிலையும் போட்டன், எங்கட ஊர் அரியரத்தினத்தின்ரை தாயார் எண்டு. எங்கட சனத்துக்கு மட்டும் வாற புத்தி இது. அதிலை முன்னூற்றிப் பத்துப் பேர் இருக்கினம்.

ஒரு மணித்தியாலத்திலை ஒருத்தி தனிய எழுதினாள், உவை ஆர் ஆக்கள் எண்டு தெரிஞ்சோ போட்டனீ எண்டு. நான் அழிச்சன். அழிச்சு என்ன பிரயோசனம்.

செவ்வாய்க்கிழமை தவரத்தினம் கடைக்கு வந்தார். குரலும் உயர்த்தேல்லை. சாதகம் திருப்பிப் பாத்தனாங்கள், செவ்வாய் இடிக்குது எண்டார். காட் அடிச்சாப் பிறகோ எண்டு கேட்டன். எனக்குக் கோவம் வந்து, உங்கட மரக்கறி ஆற்றை தோட்டத்திலையிருந்து வருதெண்டு பாத்தோ விக்கிறியள் எண்டு கத்திப்போட்டன். அந்தாள் என்னை அமைதியாப் பாத்துச் சொன்னார்.

“நீங்கள் பெரியவளவு ஆக்கள்தானே. உங்கட மகனெண்டால் நீங்கள் செய்வியளோ?”

எனக்கு மகன் இல்லை. அதைத்தான் சொன்னன். லவன் தேப்பனோடை சண்டை பிடிப்பான் எண்டு பாத்தன். ரெண்டு நாள் பிடிச்சானாம். பிறகு யசோவுக்கு ஒரு மெசேச் அனுப்பியிருக்கிறான், செ கொம்ப்லிக்கே, சிக்கலாக் கிடக்கு எண்டு.

அடுத்த ஞாயிறு நான் திரான்சிக்குப் போனன். மன்னிப்புக் கேக்கவேணும், காலிலை விழுந்தாலும் பரவாயில்லை எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனது. அரியம் கதவைத் திறந்தார். வாங்கோ அக்கா எண்டார், அதே குரல். உள்ளை சின்னச் சாலோன், ஒரு மேசை, மூண்டு கதிரை, தாயின்ரை படத்துக்கு முன்னாலை ஒரு விளக்கு. யசோ ஒரு கதிரையிலை இருந்தாள். அழுதழுது முகம் வீங்கி, இருபத்தெட்டு வயசுப் பிள்ளை பத்து வயசு மாதிரி இருந்தாள். என்னை மற்றக் கதிரையிலை இருக்கச் சொன்னார். நான் இருந்தன்.

என்ரை பிழைதான் அரியம், நான்தான் மாத்தினன், நான்தான் குறூப்பிலை போட்டன் எண்டு எல்லாத்தையும் சொன்னன். தெரியும் அக்கா எண்டார். திட்டுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். திட்டேல்லை.

யசோதான் கேட்டாள், தேப்பனைப் பாத்து, பிரெஞ்சிலை. நாங்கள் என்ன செய்தம், ஏன் அவைக்கு எங்களைப் பிடிக்கேல்லை எண்டு. தான் ஏதோ பிழை விட்டிட்டன் எண்டுதான் அந்தப் பிள்ளை ஒரு கிழமையா யோசிச்சுக்கொண்டிருந்திருக்கிறாள். அதுக்குப் பிறகு அந்தாளாலை மறைக்க ஏலேல்லை. இருபத்தெட்டு வருசம் பொத்தி வைச்சதை அண்டைக்கு அவிட்டார். சுவரோடை சாய்ஞ்சு நிண்டு, நிலத்தைப் பாத்துத்தான் சொன்னார்.

சுவரிலை நான் மாட்டின உறுதியிலை உள்ள வள்ளி அவற்றை பாட்டியின்ரை பாட்டியைப் பெத்தவவாம். சட்டம் ஒழிச்சதெண்டு ஒருத்தரும் வந்து காரைப்பற்றையிலை சொல்லேல்லை. பிறகும் அந்தக் காணியிலைதான் குடிசை, அந்த வளவிலைதான் வேலை. அவற்றை தாய்க்குப் பொன்னம்மா எண்டு வைக்கக் கேட்டதுக்கு, அம்மாவும் ஆச்சியும் உங்களுக்கெதுக்கு எண்டு பதிவுக்காரன் பொன்னி எண்டு எழுதினானாம். இந்த அறிவித்தலிலைதான் முதல்முறை அவவைப் பொன்னம்மா எண்டு எழுதிப் பாத்தவர்.

பிறகு சண்டை வந்தது. தொண்ணூற்றொண்டிலை அவரும் தேப்பனும் எங்கட பெரியவளவிலை பங்கர் வெட்டினவை, மூண்டு நாள். மேலை பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டு, நல்ல பங்கர். நாலாம் நாள் பொம்மர் சுத்தேக்கை தாயோடை மூண்டு பேரும் வளவுக்கை நிண்டிருக்கினம். பங்கருக்கு ஓடினவை. உள்ளை என்ரை சித்தப்பா குடும்பம். வாசலிலை நிண்டு சித்தி சொன்னாவாம், உள்ளை இடமில்லை, நீங்கள் மாமரத்துக்குக் கீழை படுங்கோ எண்டு. எட்டுப் பேர் கொள்ளுற பங்கர், அஞ்சு பேர்தான் இருந்தவை. வெட்டினவருக்குக் கணக்குத் தெரியுமே. மாமரத்துக்குக் கீழை தேப்பனுக்குக் கழுத்திலை குண்டுப் பீஸ் பட்டு, அந்த இடத்திலையே உயிர் போட்டுது. பங்கர் வாசலிலையிருந்து கை நீட்டினால் தொடுற தூரத்திலையாம். அடுத்த வருசம் தாய் இருந்த தோட்டையும் வித்து அவரை வெளிக்கிடுத்தி விட்டிட்டா.

சித்தி அப்ப எனக்கு எழுதின கடிதம் இப்பவும் என்னட்டை இருக்கு. எங்கட வளவுக்கை குண்டு விழுந்தது, பிள்ளையார் காப்பாத்தினார், ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை எண்டு எழுதியிருந்தா. நான் அதுக்கு லா சப்பல் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிச்சனான்.

முதல் நாளே என்னை ஆரெண்டு தெரிஞ்சுகொண்டும், அந்தாள் பதினாறு வருசம் என்ரை கடைக்கு வந்து, என்ரை தேத்தண்ணியை வாங்கிக் குடிச்சிருக்கிறார். ஏன் வந்தனீங்கள் அரியம், வேற கடை இல்லையோ எண்டு கடைசியாக் கேட்டன். நீங்கள் என்னை எழும்பச் சொல்லாமல் இருக்கச் சொல்லுறியள், அது கேக்க நல்லாயிருக்கும், அதுதான் எண்டார்.

நான் விம்மி விம்மி அழுதன். யசோவும் அழுதாள். கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிமிர்ந்தவள் அப்பதான் கவனிச்சிருக்கிறாள். மூண்டாவது கதிரை சும்மா கிடக்குது. தேப்பன் தன்ரை சொந்த வீட்டிலை, ஒரு மணித்தியாலமா, சுவரோடை நிக்கிறார்.

“பப்பா, அசியே-துவா,” எண்டாள். இருங்கோ அப்பா எண்டு.

நான் துடிச்சு எழும்பினன். எழும்பி, என்ரை கதிரையை அவற்றை பக்கம் தள்ளினன். அந்தாள் பதறிப்போனார். ரெண்டு கையையும் முன்னாலை நீட்டி என்னை மறிச்சார். யோசிச்சுச் சொன்னதில்லை. கோவத்திலை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பன். தாயின்ரை வாயிலையிருந்து வந்த மாதிரி அப்பிடியே வந்தது.

“இல்லை, நீங்கள் இருங்கோ நாச்சியார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னன் எண்டு அவருக்கே விளங்கினது. வாயைப் பொத்தினார். மகளைப் பாக்கேல்லை.

யசோ தேப்பனைப் பாத்தாள், என்னைப் பாத்தாள். நல்ல தமிழ்ச் சொல்லு ஒண்டு தனக்குத் தெரியாமல் இருக்கு எண்டு நினைச்சாளாக்கும். என்னட்டைத்தான் கேட்டாள், நாச்சியார் எண்டால் என்ன அன்ரி எண்டு.

அந்தப் பிள்ளைக்குத் தெரியக்கூடாது எண்டுதான் அந்தாள் முப்பது வருசம் கோப்பை கழுவினது. நான்தான் சொன்னன். சிரட்டையிலையிருந்து தொடங்கி, ஒண்டும் விடாமல் சொன்னன். சொல்லி முடியுமட்டும் அரியம் நிண்டுகொண்டுதான் இருந்தார்.